பயிர் காட்டும் பழந்தடம்

மதுரை மாநகரின் வெளி வீதிகளில் நடப்போர், தாம் ஒரு பழங்கோட்டையின் எல்லையில் நடப்பதைப் பெரும்பாலும் உணர்வதில்லை. 16-ஆம் நூற்றாண்டில் விசுவநாத நாயக்கர் எழுப்பிய மதிலும், அதனைச் சூழ்ந்த அகழியும் இந்நகரைக் காத்து நின்றன. 1840-களில், பிளாக்பர்ன் என்னும் ஆங்கிலேயர் மாவட்ட ஆட்சித் தலைவராய் இருந்தபோது, மதில் இடிக்கப்பட்டது, அகழி தூர்க்கப்பட்டது. கீழவாசல், தெற்குவாசல் என்னும் பெயர்கள் அக்கோட்டையை இன்றும் நினைவூட்டுகின்றன.

நகரத்து அகழிக்குத் தெருப்பெயர்கள் சான்றாயின. நாட்டுப்புறத்தில் தூர்ந்து மறைந்த இடைக்கால அகழிகளைக் காட்டுவது எது? வயலில் நிற்கும் பயிரே காட்டும்.

தூர்ந்த அகழியில் நிரம்பிய மண் ஆழமாகவும் நெகிழ்ச்சியாகவும் இருக்கும். ஈரத்தை நெடுநாள் காக்கும். ஆதலின் அதன்மேல் வளரும் பயிர் உயர்ந்து, பசுமை மாறாமல் நிற்கும். புதைந்த சுவரின்மேல் வளரும் பயிரோ, வேரோட வழியின்றிக் குன்றி வெளிறும். வரப்பில் நிற்பவருக்கு இவ்வேறுபாடு புலனாவது அரிது. வானிலிருந்து எடுத்த படத்தில் அது கோடாகவும் வட்டமாகவும் விளங்கும். 2018-ஆம் ஆண்டின் கடும் வறட்சியில், அயர்லாந்து நாட்டின் பாய்ன் ஆற்றுப் பள்ளத்தாக்கில் மண்ணுள் மறைந்திருந்த பெரியதொரு தொல்வட்டம் இவ்வாறே வெளிப்பட்டது.

மதுரைச் சமவெளியில் இம்முறையைக் கையாள்வோர்க்கு இரு வகை விழிப்பு வேண்டும். நீர் தேங்கிய நெல்வயலில் ஈரம் எங்கும் ஒத்திருப்பதால் குறி தோன்றாது. மானாவாரி நிலத்தில் சோளமும் கம்பும் வாடத் தொடங்கும் நாள்களே ஏற்றவை. மேலும், இது கண்மாய்கள் நிறைந்த நாடு. படத்தில் காணும் பசுங்கோடு, மறக்கப்பட்ட ஒரு வரத்துக் கால்வாயாகவும் இருக்கலாம். கால்வாய் நிலத்தின் சரிவைப் பின்பற்றி ஓடும். அகழியோ மூலைகளில் திரும்பி ஓரிடத்தை வளைத்து நிற்கும். அவ்வாறு வளைந்தாலும் அஃது அகழி என்று உடனே முடிவு கட்டலாகாது. படம் ஐயத்தை எழுப்பும். ஊர்ப்பெயரும் ஆவணமும் துணைநிற்கும். அகழாய்வே ஐயத்தைத் தீர்க்கும்.

எங்கும் தோண்டிப் பார்த்தல் பெருஞ்செலவு. உழவர் பிழைப்பும் கெடும் என்பர் சிலர். அஃது உண்மையே. ஆனால் வானிலிருந்து படம் எடுப்பதால் ஒரு கதிரும் சாயாது. மதுரைக்குத் தென்கிழக்கே உள்ள கீழடியில், ஆளில்லா வானூர்தியும் நிலத்தை ஊடுருவிக் காணும் கருவிகளும் ஆய்வுக்குத் துணையாயின. தோண்ட வேண்டிய இடத்தைத் தேர்ந்து தோண்டுவதற்கு இவை உதவுகின்றன. இம்முறை சுற்றுப்புறச் சிற்றூர்களுக்கும் பரவுதல் வேண்டும்.

இதில் காலந்தாழ்த்தல் தகாது. நகரைச் சூழ்ந்த வயல்கள் நாள்தோறும் வீட்டுமனைகளாகின்றன. மனையாகிய நிலத்தில் பயிர் இல்லை. பயிர் இல்லையேல் குறியும் இல்லை. மக்களுக்கு வீடு வேண்டும். அதனைத் தடுக்க வேண்டுவதில்லை. கல் ஊன்றுமுன் ஒரு கோடையிலேனும் அந்நிலத்தை வானிலிருந்து நோக்கிப் படமாக்கி வைத்தல், வருங்காலத்தவர்க்கு இன்றையோர் செய்யத்தக்க எளிய கடமையாகும்.