ராத்திரி இரண்டு மணிக்கு யார் விழித்திருக்கிறார்கள்?

முதியோர் இல்லத்தைப் பார்க்க வரும் குடும்பங்கள் கேட்கும் கேள்விகள் எனக்கு மனப்பாடம். சாப்பாடு சைவமா, அறையில் ஏசி உண்டா, வெஸ்டர்ன் டாய்லெட்டா, பக்கத்தில் கோயில் இருக்கிறதா, டாக்டர் வாரத்துக்கு எத்தனை நாள் வருவார், அம்மாவோடு வீடியோ காலில் பேச முடியுமா? எல்லாமே நியாயமான கேள்விகள். ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு இந்தக் கட்டிடத்தில் எத்தனை பேர் விழித்திருப்பார்கள் என்று ஒருவரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

அரசு மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். அதன் பிறகு திருச்சிப் பக்கம் சில கட்டண முதியோர் இல்லங்களில் வேலை பார்த்தேன். பெரும்பாலும் நைட் டூட்டி. பகலில் எந்த இல்லமும் நன்றாகத்தான் இருக்கும். சமையல்காரர் இருப்பார், பெருக்கித் துடைக்க ஆள் இருக்கும், பிசியோதெரபிஸ்ட் வந்து போவார், மேனேஜர் அறையில் லைட் எரியும். எட்டு மணிக்கு இரவுச் சாப்பாடு முடிந்து மாத்திரை கொடுத்தானதும் ஒவ்வொருவராகக் கிளம்பிவிடுவார்கள். மிஞ்சுவது ஒரு ஆயாம்மாவும் கேட்டில் ஒரு வாட்ச்மேனும். வாட்ச்மேன் மாடிக்கு வரக்கூடாது, பெண்கள் இருக்கும் இடம் என்பார்கள்.

முப்பது பேர் இருக்கும், இரண்டு மாடி உள்ள இல்லம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதில் ஆறு பேர் படுத்த படுக்கை. படுக்கையில் கிடப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வைக்க வேண்டும் என்பது நர்சிங் மாணவிக்கு முதல் வருடத்தில் சொல்லித் தரும் பாடம். டயப்பரைப் பார்த்து, நனைந்திருந்தால் துடைத்து மாற்றி, விரிப்பின் சுருக்கத்தை நீவி, முதுகுக்குத் தலையணை கொடுத்துப் படுக்க வைக்க, ஒருத்தி தனியாகச் செய்தால் கால் மணி நேரம் ஆகும். ஆறு பேருக்கு ஒன்றரை மணி நேரம். அடுத்த சுற்று தொடங்க அரை மணிதான் பாக்கி. அந்த அரை மணிக்குள் மீதி இருபத்து நான்கு பேரையும் பார்க்க வேண்டும். வாக்கரைத் தேடிக்கொண்டு பாத்ரூமுக்கு எழுந்திருப்பவர், விடியற்காலை சர்க்கரை இறங்கி வியர்த்துக் கிடப்பவர், மறதி நோயால் மூன்று மணிக்குப் பையில் துணியை அடுக்கிக்கொண்டு “பையன் ஸ்கூல்ல இருந்து வந்துடுவான், நான் வீட்டுக்குப் போகணும்” என்று கேட்டைப் பார்த்து நடக்கும் பாட்டி, எல்லாரும் அதில் அடக்கம். ஆயாம்மா மேல் மாடியில் இருக்கும்போது கீழ் மாடியில் யார்? யாரும் இல்லை.

புரட்டிப் படுக்க வைப்பதே ஒருத்தியால் சரியாகச் செய்யக்கூடிய வேலை கிடையாது. இடுப்புக்கு அடியில் போட்டிருக்கும் துணியை இரண்டு பக்கமும் இரண்டு பேர் பிடித்து, சேர்ந்து தூக்கி நகர்த்த வேண்டும். தனி ஆள் என்றால் இழுப்பாள், வேறு வழியில்லை. எண்பது வயதுத் தோல் வெங்காயச் சருகு மாதிரி, ஒரு இழுப்பிலேயே உரிந்துவிடும். முதுகுத் தண்டு முடியும் இடத்தில் முதலில் ஒரு சிவப்பு தெரியும். விரலால் அழுத்தி எடுத்தால் அந்த இடம் ஒரு கணம் வெளுக்க வேண்டும். வெளுக்காமல் சிவப்பாகவே இருந்தால் உள்ளே புண் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அதைக் கண்டுபிடிக்க ஒரு நிமிடம் போதும், ஆனால் அந்த ஒரு நிமிடம் நின்று பார்க்க ஆள் வேண்டும். பார்க்காமல் விட்ட சிவப்பு சில நாளில் எலும்பு தெரியும் குழியாகிவிடும்.

மருத்துவமனையில் இருந்தபோது, ராத்திரியில் ஆள் இல்லாததன் விளைவை இன்னொரு முனையிலிருந்து பார்த்திருக்கிறேன். காலை ஏழு மணிக்கு ஏதாவது ஓர் இல்லத்திலிருந்து ஆட்டோவில் ஒரு அம்மாவைக் கொண்டு வருவார்கள். இடுப்பெலும்பு முறிவு. எப்போது விழுந்தார் என்று கேட்டால், “இப்பத்தான் சிஸ்டர், காபி குடுக்கப் போனப்ப பார்த்தோம்” என்பார் கூட வந்தவர். புடவையைத் தளர்த்திப் பார்த்தால் ஒரு பக்கத் தோள், இடுப்பு, கணுக்கால் மூன்றிலும் தரையில் அழுந்திய சிவப்பு. சிறுநீர் நனைந்து, காய்ந்து, கறையாகி இருக்கும். உடம்பு சில்லென்று இருக்கும். அந்த அம்மா விழுந்தது நடு ராத்திரியில். கூப்பிட்டிருக்கிறார், யார் காதிலும் விழவில்லை. முறிந்த எலும்பை ஆபரேஷனில் சேர்த்துவிடலாம். தரையில் கிடந்த அந்த மணி நேரங்கள் சிறுநீரகத்தையும் நுரையீரலையும் கெடுத்திருந்தால் மீட்பது கடினம்.

ஆள் குறைவாக இருக்கும் இடத்தில் இரண்டு பழக்கங்கள் தானாக வந்து சேரும். ஒன்று தூக்க மாத்திரை. டாக்டர் அரை மாத்திரை எழுதியிருப்பார், அது ஒன்றாகும். மாத்திரை போட்டவர் எழுந்து நடக்கமாட்டார், கூப்பிடவும் மாட்டார், மயக்கத்தில் பக்கமும் திரும்பமாட்டார். மற்றொன்று கட்டிப் போடுவது. மெல்லிய வேட்டித் துணியைக் கிழித்து மணிக்கட்டைக் கட்டில் கம்பியோடு கட்டிவிடுவார்கள். “விழுந்துடக் கூடாதுன்னுதாம்மா” என்று சொல்வார்கள், அப்படிச் சொல்பவரும் அதை நம்பித்தான் சொல்கிறார். ஒருவரைக் காப்பாற்ற அவரைக் கட்டிப் போடுவதுதான் ஒரே வழி என்றால், அந்த இடத்தில் ஆள் போதவில்லை.

கட்டிப் போட்டதன் விலை என்ன என்று தமிழ்நாட்டுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தில் விடிவதற்குள் தீப்பிடித்து 28 பேர் இறந்தார்கள். அவர்கள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். 2023 புத்தாண்டு அன்று விடியற்காலை டெல்லி கிரேட்டர் கைலாஷ் பகுதியில் ஒரு முதியோர் இல்லத்தில் தீப்பிடித்து, 86 வயதும் 92 வயதும் ஆன இரண்டு மூதாட்டிகள் இறந்தார்கள். இரண்டுமே நடந்தது ஊர் தூங்கிக்கொண்டிருந்த நேரத்தில். நான் வேலை பார்த்த ஓர் இல்லத்தில் எல்லா ஜன்னலுக்கும் கம்பி, மாடிப்படிக்குக் கிரில் கதவு, அதற்குப் பூட்டு. சாவி வாட்ச்மேன் இடுப்பில். படுக்கைப் புண்ணுக்காகப் போட்ட ஏர் பெட்டின் மோட்டாரும் ஆக்சிஜன் மெஷினும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் ராத்திரி முழுக்க ஓடிக்கொண்டிருந்தன. தீயணைப்புக் கருவி சுவரில் இருந்தது. அதன் ஊக்கை எப்படி இழுப்பது என்று நைட் டூட்டி ஆயாம்மாவுக்கு யாரும் காட்டியிருக்கவில்லை. நான் மேனேஜரிடம் சொன்னேன். “பார்க்கலாம் சிஸ்டர்” என்றார். நான் அங்கிருந்து விலகும் வரை பார்க்கவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பீர்கள். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம் 2007-ல் வந்தது. ஒவ்வொரு மாவட்டத்திலும் ஆதரவற்ற முதியவர்கள் 150 பேராவது தங்கக்கூடிய இல்லம் வேண்டும் என்று அதன் 19-வது பிரிவு பேசுகிறது. இல்லங்களின் தரத்தை மாநில அரசு வகுத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுகிறது. எத்தனை முதியவருக்கு எத்தனை பணியாளர் என்று அந்தச் சட்டத்தில் எங்கும் ஓர் எண் கிடையாது. பெற்றோரைக் கைவிடும் பிள்ளைக்கு மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்று 24-வது பிரிவில் இருக்கிறது. காசு வாங்கிக்கொண்டு முப்பது பேரை ஒரே ஆளிடம் ராத்திரி முழுக்க விட்டுவிடும் இல்லத்துக்கு அதே சட்டத்தில் தண்டனை எதுவும் இல்லை. இல்லங்களைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும், குறைந்தபட்சத் தரம் வேண்டும் என்று 2019 டிசம்பரில் மக்களவையில் ஒரு திருத்த மசோதா வந்தது. நிறைவேறாமலேயே 17-வது மக்களவையோடு அது காலாவதியாகிவிட்டது.

குழந்தைகள் விஷயத்தில் இப்படி விட்டுவிடவில்லை. சிறார் நீதிச் சட்டத்தின் கீழ் 2016-ல் வந்த மாதிரி விதிகளில், இத்தனை குழந்தைகள் உள்ள இல்லத்துக்குக் காப்பாளர் எத்தனை பேர், சமையலுக்கு எத்தனை பேர், துப்புரவுக்கு எத்தனை பேர் என்று ஒரு பட்டியலே இருக்கிறது. எழுந்து ஓடக்கூடிய பத்து வயதுப் பிள்ளைக்கு அவசியம் என்று தோன்றிய எண்ணிக்கை, தானாகத் திரும்பிப் படுக்க முடியாத தொண்ணூறு வயதுக்காரருக்கு ஏன் தோன்றவில்லை?

எனக்குத் தெரிந்த காரணம் இதுதான். முதியோர் இல்லம் என்றதும் நாம் இரண்டே விதமாகப் பேசுகிறோம். பெற்றவளைக் கொண்டுபோய்த் தள்ளிய பாவம் என்று ஒரு பேச்சு. அனாதையாய்க் கிடந்தவருக்குச் சோறு போடும் புண்ணியம் என்று இன்னொரு பேச்சு. பாவம் என்று நினைக்கும் பிள்ளை குற்ற உணர்ச்சியில் வாய் திறப்பதில்லை. துருவிக் கேட்டால் “நீங்களே வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாமே” என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம் அவருக்கு. புண்ணியம் என்று நினைக்கும் ஊரும் கேட்பதில்லை. அன்னதானம் போடுகிறவரிடம் கணக்குக் கேட்பது மரியாதைக் குறைவு. 2018 பிப்ரவரியில் காஞ்சிபுரம் மாவட்டம் பாலேஸ்வரத்தில் இயங்கிய ஒரு காப்பகத்துக்குப் போன வேனில், காய்கறி மூட்டைகளோடு ஒரு சடலமும் உயிரோடு இருந்த முதியவர்களும் இருந்தது வெளியே வந்தபோது ஊரே அதிர்ந்தது. அதன் பிறகுதான் அதிகாரிகள் உள்ளே போய் அங்கிருந்தவர்களை வேறு இடங்களுக்கு மாற்றினார்கள். அதுவரை பலருடைய பார்வையில் அது தொண்டு.

2021 மதிப்பீட்டின்படி தமிழ்நாட்டில் அறுபது வயதைக் கடந்தவர்கள் 13.6 சதவீதம். கேரளத்துக்கு அடுத்த இடம் நமக்குத்தான். பிள்ளை பெங்களூரில், பெண் சிங்கப்பூரில், அப்பா போய்விட்டார், அம்மாவுக்குப் பக்கவாதம். இந்தக் குடும்பத்துக்கு இல்லம் ஒரு தேவை. மருத்துவமனையைப் போல, பள்ளிக்கூடத்தைப் போல. பள்ளிக்கூடத்தில் கூரை சரியில்லை என்று கேட்க நமக்கே கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் போக வேண்டியிருந்தது. முதியோர் இல்லத்துக்கும் அப்படி ஒரு நாள் வரட்டும் என்று காத்திருக்க என்னால் முடியவில்லை.

ஆயாம்மாவைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். ஏதாவது நடந்துவிட்டால் முதலில் வேலை பறிபோவது அவளுக்குத்தான். அவள் பன்னிரண்டு மணி நேர டூட்டி பார்க்கிறாள். பகல் ஆள் வராவிட்டால் அதையும் சேர்த்துப் பார்க்கிறாள். பயிற்சி என்று எதுவும் கிடையாது, பக்கத்தில் இருந்தவள் செய்ததைப் பார்த்துக் கற்றதுதான். மூக்கு வழி ட்யூபில் கஞ்சி கொடுக்கும்போது தலைப்பக்கத்தை உயர்த்தி வைக்க வேண்டும், கொடுத்து முடித்து அரை மணியாவது அப்படியே வைத்திருக்க வேண்டும் என்று ஒருத்திக்கு நான் சொன்னபோது, “இத்தனை வருஷமா எனக்கு யாருமே சொல்லலியே சிஸ்டர்” என்று கண் கலங்கினாள். அவள் நினைவுக்கு எந்தத் தாத்தா வந்தாரோ, நான் கேட்கவில்லை.

பணியாளருக்கு எண் வைத்த நாடும் உண்டு. ஆஸ்திரேலியாவில் முதியோர் பராமரிப்பு பற்றி விசாரித்த ராயல் கமிஷன் 2021-ல் அறிக்கை கொடுத்தது. 2023 ஜூலையிலிருந்து அங்கே இல்லங்களில் இருபத்து நான்கு மணி நேரமும் பதிவு பெற்ற நர்ஸ் இருக்க வேண்டும் என்று ஆனது. 2024 அக்டோபரிலிருந்து ஒருவருக்கு ஒரு நாளைக்குச் சராசரி 215 நிமிடப் பராமரிப்பு, அதில் 44 நிமிடம் நர்ஸ் கையால். அங்கும் இது முழுமையாக நடக்கிறது என்று நான் சொல்லவில்லை. ஆனால் எண் ஒன்று இருப்பதால், குறைந்தால் குறைந்தது என்று காட்ட முடிகிறது.

பணக்கார நாட்டுக் கணக்கு நமக்குச் சரிவராது என்பார்கள். சரி, நம் கணக்கையே போடுவோம். முன்னே சொன்ன முப்பது பேர் இல்லத்தில் இரவில் ஒருவருக்குப் பதிலாக மூன்று பேர் இருக்கட்டும். மாடிக்கு ஒருவர், புரட்டவும் தூக்கவும் கைகொடுக்க இன்னொருவர். மூவரில் ஒருவராவது முறையாகப் பயிற்சி பெற்றவராக இருக்கட்டும். கூடுதலான இரண்டு பேருக்கு ஆளுக்கு 15,000 ரூபாய், அவர்கள் வார விடுப்பு எடுக்கும் நாட்களுக்கு மட்டும் மாற்று ஆள் கூலி என்று வைத்தால் மாதம் சுமார் 35,000 ரூபாய். முப்பது பேருக்குப் பிரித்தால் ஒருவருக்கு 1,200 ரூபாய்க்கும் கீழே. கட்டண இல்லங்களுக்கு இது முடியாத தொகை இல்லை. மானியத்தில் நடக்கும் இலவச இல்லங்களில் இரவுப் பணியாளர் சம்பளத்தை அரசு மானியக் கணக்கிலேயே சேர்த்துத் தரட்டும். 2021 முதல் வீடு தேடிப் போகும் அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டக் குழுக்கள், படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வலி நிவாரணமும் பிசியோதெரபியும் கொடுக்கின்றன. முதியோர் இல்லமும் ஒரு வீடுதான், அங்கும் வழக்கமாகப் போகட்டும்.

இரவில் எத்தனை பேர் என்ற அந்த எண் அரசாணையோடு நிற்காமல் சட்டத்தில் ஏற வேண்டும். இன்று இரவு யார் யார் டூட்டி என்று வாசல் பலகையில் எழுதி வைக்க வேண்டும். மாவட்ட சமூக நல அலுவலகத்திலிருந்து ஆய்வுக்கு வருகிறவர்கள் காலை பதினொரு மணிக்கு, முன்கூட்டியே போன் செய்துவிட்டு வந்தால், புதுப் பெட்ஷீட்டைத்தான் பார்த்துவிட்டுப் போவார்கள். ராத்திரி பதினொரு மணிக்குச் சொல்லாமல் வரட்டும். ஒவ்வொரு விழுதலும் ஒவ்வொரு படுக்கைப் புண்ணும் நோட்டில் ஏறியிருக்கிறதா என்று பார்க்கட்டும்.

சட்டம் வரும்வரை, அம்மாவையோ அப்பாவையோ சேர்க்க இடம் பார்க்கிறவர்கள் ஒன்று செய்யுங்கள். முடிந்தால் பண்டிகை நாளில் போங்கள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் பணியாளர்கள் ஊருக்குப் போய்விடுவார்கள், இல்லத்தின் ஆள் பலம் அன்றைக்குத் தெரியும். போன மாத டூட்டி அட்டவணையைக் காட்டச் சொல்லுங்கள். ஒரே பெயர் பகலிலும் இரவிலும் இருக்கிறதா என்று பாருங்கள். படிக் கிரிலின் இன்னொரு சாவி மாடியில் யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள். நைட் டூட்டி ஆயாம்மாவிடம் தனியாகப் பேச வேண்டும் என்று சொல்லுங்கள். இதற்கெல்லாம் முகம் சுளிக்கும் இடத்தில் முன்பணம் கட்டாதீர்கள்.