கட்டுமரமும் கேட்டமரானும்

போன வாரம் இங்கிலீஷ் பீரியடில் ஒரு பெண் பாடம் வாசித்தாள். இந்த வருஷம்தான் தமிழ் மீடியத்திலிருந்து வந்தவள். ‘கேட்டமரான்’ என்ற வார்த்தையை ‘கட்டமரன்’ என்று படித்துவிட்டாள். கிளாஸே சிரித்தது. நானும்தான் சிரித்தேன். அன்றிலிருந்து அவள் வாசிக்க எழுந்திருப்பதே இல்லை.

தப்பு யார் மேல்? அது நம்ம கட்டுமரம்தானே! வெள்ளைக்காரர் வாயில் நுழையாமல் திரிந்த வார்த்தை. அவள் சொன்னதுதான் ஒரிஜினலுக்குப் பக்கம்.

இப்படித் திரிந்த வார்த்தைகளுக்கென்றே ஒரு தடிமனான அகராதி உண்டு. பெயர் ‘ஹாப்சன் ஜாப்சன்’. 1886-ல் வந்தது. தொகுத்தவர்கள் ஹென்றி யூல், ஏ.சி. பர்னெல். பர்னெல் தஞ்சாவூரில் ஜட்ஜாக இருந்தவர். புத்தகம் வருவதற்கு முன்பே, 1882-ல் இறந்துவிட்டார், பாவம். அந்தப் பெயரே ஒரு திரிபுதான். மொகரம் ஊர்வலத்தில் ‘யா ஹசன், யா ஹுசைன்’ என்ற குரல் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் காதில் அப்படி விழுந்ததாம்!

அதில் ‘கானிகோபோலி’ என்று ஒன்று இருக்கிறது. மோனோபோலி மாதிரி ஏதோ விளையாட்டு என்று நினைத்தேன். பார்த்தால் நம்ம கணக்கப்பிள்ளை! ‘கஞ்சி ஹவுஸ்’ என்றால் ஓட்டல் இல்லை, பட்டாளத்து லாக்கப். உள்ளே போனவனுக்குக் கஞ்சிதான் சாப்பாடு. (பரங்கிமலை, பல்லாவரம் கன்டோன்மென்ட் வழியா ரயிலில் போகும்போது இனிமேல் எனக்கு இதுதான் ஞாபகம் வரும்.) இதெல்லாம் இன்று இங்கிலீஷிலேயே வழக்கில் இல்லாத வார்த்தைகள்.

அதற்காக, ஒரே மாதிரி கேட்டால் எல்லாம் நம்முடையது என்று சொல்லிவிடவும் கூடாது. ‘கேஷ்’ நம்ம காசுதான் என்று பெருமையா சொல்வார்கள். பாதிதான் சரி. கடையில் கொடுக்கிற கேஷ், பெட்டி என்று அர்த்தமுள்ள லத்தீன் வார்த்தையிலிருந்து வந்தது. ஆனால் சின்ன நாணயத்துக்கு இங்கிலீஷில் இன்னொரு கேஷ் இருந்தது. அதுதான் போர்ச்சுகீசியர் வழியாகப் போன நம்ம காசு. அந்தக் கால மெட்ராஸில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன்.

நாமும் சும்மா இல்லை. குரோம் லெதர் கம்பெனி இருந்த இடத்தைக் குரோம்பேட்டை ஆக்கிவிட்டோமே! அதற்கு யாராவது சிரித்தார்களா? கணக்கப்பிள்ளையைக் கானிகோபோலி என்றவர்களுக்கு அகராதியில் இடம் கொடுத்தார்கள். கட்டமரன் என்றவளை நாம் வாயை மூட வைத்துவிட்டோம்.

நாளைக்கு அடுத்த பாடம் ஆரம்பிக்கிறார்கள். என் பக்கத்து இடத்தை அவளுக்குப் பிடித்து வைத்திருக்கிறேன். வாசிக்கிறேன் என்று சொல்லியிருக்கிறாள். யாரும் சிரிக்காதீங்க, ப்ளீஸ்.

– 9-ஆம் வகுப்பு மாணவி