கொட்டகை வாயிலில் பிறந்த தமிழ்

திரைப்படம் பார்ப்பவனைப் பழித்துரைப்பது தமிழன்பர் சிலர்க்கு எளிய கடமையாகிவிட்டது. அவனால்தான் தமிழ் கெட்டதென்றும், அவன் வாய்வழியாகவே ‘சூப்பரும்’ ‘மாசும்’ வீட்டுக்குள் நுழைந்தனவென்றும், வானுயர நிறுத்திய நடிகன் படத்துக்குப் பால் ஊற்றும் கைக்கு மொழியின் அருமை எங்ஙனம் தெரியுமென்றும் மேடைதோறும் முழங்குகின்றனர். பால் ஊற்றும் கூத்தை அறிவுடையார் எவரும் ஒப்பார். ஆயின், அஃது அறிவுக்குற்றம்; மொழிக்குற்றம் அன்று. தமிழைக் கெடுத்தான் என்று அவனைக் கூண்டில் ஏற்றுமுன், படம் பார்த்து வெளியே வந்தவன் தன் உள்ளத்தில் பட்டதை எச்சொற்களால் சொல்லுகின்றான் என்று செவிகொடுத்துக் கேட்டவர் எத்துணைப் பேர்?

திருச்சிராப்பள்ளியின் தென்புறத்தே, மதுரைச் சாலையை ஒட்டி, எடமலைப்பட்டிப் புதூர் என்றோர் ஊர் உண்டு. 2025இல் புதிய பேருந்து முனையம் திறக்கப்பெற்ற பஞ்சப்பூருக்கும் நகர் நடுவத்துக்கும் இடைப்பட்ட புறநகர் அது. பெரும்படம் ஒன்று வெளியான மறுநாட் காலையில் அங்குள்ள தேநீர்க்கடை எதன் வாயிலில் நின்றாலும் போதும். ‘படம் எப்படி?’ என்று ஒருவன் கேட்பான். ‘பிரிச்சு மேஞ்சுட்டான்’ என்பான் மற்றவன். ‘பின்னிட்டான்’ என்பான் இன்னொருவன். ‘வெளுத்து வாங்கிட்டான்’ என்று மூன்றாமவன் முடிப்பான். இம்மூன்று விடைகளிலும் அயற்சொல் ஒன்றேனும் உண்டா என்று பழிப்போர் எண்ணிப் பார்ப்பாராக.

இன்னும் ஆழ்ந்து நோக்கின் வேறொன்று புலப்படும். கூடை பின்னுவதும் பாய் பின்னுவதும் கயிற்றுக் கட்டில் பின்னுவதும் கைத்தொழில்கள். துணி வெளுப்பது துறையில் நின்று செய்யும் தொழில். பழங்கூரையைப் பிரித்துப் புதுக்கீற்று வேய்வதைச் சிற்றூர்களில் ‘மேய்தல்’ என்பர்; ‘பிரித்து மேய்தல்’ அத்தொழிலின் வழக்கு என்றே கொள்ளத் தோன்றுகின்றது. உரலில் இடித்ததே ‘தூள்’. மரத்தினின்று பெயர்த்ததே ‘பட்டை’. ‘பட்டையைக் கிளப்பினான்’ என்பது அவன் வழங்கும் மற்றொரு பாராட்டு. நடிகன் ஒருவனின் திறத்தைப் புகழ வேண்டியபோது, அவன் தன் தந்தையும் பாட்டனும் செய்த தொழில்களினின்றே வினைச்சொற்களை எடுத்தாண்டிருக்கின்றான். கல்லூரியில் பயின்று வந்தாரா இச்சொற்களை ஆக்கித் தந்தனர்?

படம் நன்றாயில்லையெனில் அவன் சொல்லாற்றல் இன்னும் கூர்மை பெறும். ‘அறுவை’ என்பது ஒரு தலைமுறையின் சொல். ‘கடி’ என்பது அடுத்ததன் சொல். ‘மொக்கை’ அதற்கும் பின்னது. மழுங்கிய அரிவாளை மொக்கை என்பது ஊர்வழக்கு. கூரற்ற படத்துக்கு அதனினும் பொருந்திய சொல்லை எவர் காட்டுவார்? அறுவையோ கழகக் காலத்தில் துணியைக் குறித்தது. மதுரை அறுவை வணிகன் இளவேட்டனார் என்று துணி விற்ற புலவர் ஒருவரே இருந்தார். பின்னர் அது மருத்துவத்துக்கு வந்து, அங்கிருந்து கொட்டகைக்கும் வந்து சேர்ந்தது. கூட்டமில்லாத கொட்டகை ‘காற்று வாங்குகிறது’. தோற்ற படம் ‘ஊற்றிக்கொண்டது’, ‘சுருண்டுவிட்டது’. சுருளில் வந்த படம் சுருண்டது என்பதில் உள்ள நகைச்சுவைக்குத் தனியே உரை வேண்டுவதில்லை. அளவுக்கு மிஞ்சி அழவைத்த படத்தைப் ‘பிழிந்துவிட்டான்’ என்பது, 1961இல் வெளிவந்த ‘பாசமலர்’ போன்ற படங்களைக் கண்டு முந்தானை நனைந்த தாய்மார்க்கும் பொருந்தும் சொல்.

இவை எல்லாவற்றுக்கும் மேலாய் அவன் அரிதிற் கொடுக்கும் பாராட்டு ஒன்றுண்டு: ‘நடிக்கவில்லை, வாழ்ந்திருக்கின்றான்.’ நடிப்புக்கலை பற்றிப் பொத்தகம் எழுதுவோர் பல பக்கங்களில் சொல்ல முயல்வதை இரண்டே சொற்களில் முடித்துவிட்டான் அவன். அவனுக்குப் பாடம் சொல்ல வந்த இதழ்த் திறனாய்வாளரோ, ‘பர்சுட்டு ஆப்’ நன்று, ‘செகண்டு ஆப்’ தொய்வு, ‘மேக்கிங்’ அருமை என்று எழுதுகின்றனர். ‘இடைவேளைக்கு முன்’, ‘இடைவேளைக்குப் பின்’ என்று பாமரன் சொல்லிவந்தது இவர்க்கு மட்டும் எட்டவில்லை.

திரைப்படம் தமிழகத்துக்கு வந்த நாளிலிருந்தே இதுதான் நடந்துவந்திருக்கின்றது. திருச்சிராப்பள்ளியில் தொடர்வண்டித் துறையில் வரைவாளராயிருந்த சாமிக்கண்ணு வின்செண்டு, 1905இல் பிரெஞ்சுக்காரர் ஒருவரிடமிருந்து படங்காட்டும் பொறியை விலைக்கு வாங்கி, கூடாரம் அடித்து ஊர் ஊராய்க் காட்டத் தொடங்கினார். கற்றவர் அதனைப் ‘பயாசுகோப்பு’ என்றனர், ‘சலனப்படம்’ என்றனர், ‘சினிமா’ என்றனர். மக்கள் ‘படம்’ என்றனர். நூற்றிருபது ஆண்டுகளுக்குப் பின்னும் நிற்பது மக்கள் சொல்லே. காட்சி அவர்க்கு ‘ஆட்டம்’ ஆயிற்று: முதலாட்டம், இரண்டாமாட்டம். காட்டும் இடம் ‘கொட்டகை’ ஆயிற்று. கொட்டகையை எழுப்பிய முதலாளிகளோ அதற்குக் கெயிட்டி என்றும் வெலிங்டன் என்றும் பிளாசா என்றும் பெயர் பொறித்தனர். (கலையரங்கம் என்று தமிழில் பெயரிட்டவரும் அந்நகரில் இருந்தனர் என்பதை மறைத்தல் நேர்மையாகாது.)

‘ரசிகர்’ என்னும் சொல்லும் கீழிருந்து எழுந்ததன்று. இசையும் நாடகமும் துய்க்கும் மேட்டுக்குடியினர்க்கென நடேச ஐயர் திருச்சிராப்பள்ளியில் நிறுவிய அவைக்கு ‘ரசிக ரஞ்சன சபை’ என்று பெயர். தியாகராச பாகவதர் சிறுவனாய் முதன்முதல் மேடையேறியது அந்த அவையின் நாடகத்தில்தான். அச்சொல்லைப் பின்னர் எளிய இளைஞர் எடுத்துக்கொண்டபோது ‘சபை’யை விட்டுவிட்டனர், ‘மன்றம்’ என்னும் பழந்தமிழ்ச் சொல்லையே கூட்டிக்கொண்டனர். முன்பாதியைச் ‘சுவைஞர்’ என்று திருத்திக் கொடுக்க வேண்டியது தமிழறிந்தார் கடமையாயிருந்தது. அதனை அவர்கள் உரிய காலத்திற் செய்திலர்.

தமிழ் கொடுத்தால் அவன் தமிழையே கொள்வான் என்பதற்கும் இந்நகரே சான்று. திருச்சிராப்பள்ளிச் சங்கிலியாண்டபுரத்தில் வளர்ந்த சிவாசி கணேசன் 1952இல் ‘பராசக்தி’யில் தோன்றினார். கலைஞர் கருணாநிதி எழுதிய அப்படத்தின் உரையாடல் பொத்தகமாகவும் இசைத்தட்டாகவும் விலைபோயிற்று. எழுதப் படிக்கத் தெரியாதவரும் முறைமன்றக் காட்சியை ஏற்ற இறக்கத்தோடு ஒப்பித்தனர். 1959இல் ‘வீரபாண்டியக் கட்டபொம்மன்’ வந்தபோதும் அதுவே நிகழ்ந்தது. நீண்ட தமிழ்ச் சொற்றொடர்களை மூச்சுவிடாமற் சொல்லுதல் அந்நாள் இளைஞர்க்கு வீர விளையாட்டாயிருந்தது. 1938இல் இந்தியை எதிர்த்து உறையூரினின்று சென்னைக்குத் தமிழர் படை நடந்து சென்ற நகர் இது. 1964 சனவரி 25இல் கீழப்பழுவூர்ச் சின்னச்சாமி தமிழுக்காகத் தீக்குளித்ததும் இந்நகரின் தொடர்வண்டி நிலையத்தின் முன்னேதான். மொழிக்குப் போராடிய தலைமுறையும் கொட்டகைக்குச் சென்ற தலைமுறையும் வெவ்வேறல்ல.

பின் அயற்சொல் எங்கிருந்து வந்தது? மேலிருந்து வந்தது என்க. சிவாசி கணேசனுக்குரிய ‘நடிகர் திலகம்’ என்னும் பட்டம் இதழ் படிக்கும் சுவைஞர் ஒருவர் எழுதியனுப்பியது என்பர். திலகம் வடசொல்லாயினும் அதன் மனப்பான்மை நம்முடையது. ‘சூப்பர் சுடார்’ என்பதோ, 1978இல் ‘பைரவி’ படத்தை விலைக்கு வாங்கிய வணிகரான தாணு, இரசினிகாந்துக்கு விளம்பரத்திற் சூட்டியது. சுவரொட்டி கொடுத்ததைப் பார்வையாளன் படித்தான், படித்ததைச் சொன்னான். ‘மாசு’ என்பதும் அத்தகையதே. தமிழெழுத்தில் எழுதினால் அழுக்கு என்று பொருள்படும் அச்சொல்லைப் படவணிகரும் தொலைக்காட்சியினரும் நாள்தோறும் அவன் காதில் ஓதினர்.

2021ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் நடந்தது நினைவிருக்கலாம். அசித்து நடித்த படம் ஒன்றைப் பற்றிப் புதுச்செய்தி கேட்டுச் சுவைஞர் கூட்டம் போனவிடமெல்லாம் கூவியது. சேப்பாக்கத்தில் மட்டைப்பந்தாட வந்த ஆங்கில வீரர் மொயீன் அலியிடமும் கேட்டது. நடிகரே கூட்டத்தைக் கண்டித்து அறிக்கை விட நேர்ந்தது. கூவியது ‘வலிமை அப்டேட்’ என்று. படத்தின் பெயர் தூய தமிழ். கூடவந்த வால் மட்டும் படக்குழுக்கள் தம் விளம்பரங்களில் பழக்கிவிட்டது. ‘முதல்நாள் முதற்காட்சி’ என்று அழகாய்ச் சொல்லிக்கொண்டிருந்தவன் இன்று ‘எப்.டி.எப்.எசு’ என்று நான்கு ஆங்கில எழுத்துகளைக் கைப்பேசியில் தட்டுவதும் இங்ஙனம் நேர்ந்ததே. ‘வேற லெவல்’ என்பதில் பாதித் தமிழ் இன்னும் எஞ்சியுள்ளது. எத்துணை நாளைக்கு என்று சொல்லமுடியாது.

படப்பெயர்களைத் தமிழாக்க நடந்த முயற்சியையும் இங்கு எண்ணிப்பார்த்தல் தகும். தமிழ்ப்பெயர் தாங்கிய படத்துக்குக் கேளிக்கைவரி விலக்கு என்று 2006இல் அரசு அறிவித்தது. உடனே ‘காட்பாதர்’ என்றிருந்தது ‘வரலாறு’ ஆயிற்று. பின்னர் ‘ரோபோ’ என்றிருந்தது ‘எந்திரன்’ ஆகி 2010இல் வெளிவந்தது. இரண்டும் பெருவெற்றி பெற்றன. தமிழ்ப்பெயர் வைத்தமையால் எந்தச் சுவைஞனும் கொட்டகை வாயிலினின்று திரும்பிப் போகவில்லை. 2017 சூலை முதல் நாள் சரக்கு, பணி வரி நடப்புக்கு வந்தபோது அவ்விலக்குக்கு இடமில்லாமற் போயிற்று. ‘மாசுட்டர்’, ‘டாக்டர்’, ‘பீசுட்டு’, ‘செயிலர்’, ‘குட் பேட் அக்லி’ என்று வரிசை தொடங்கிற்று. வரிச்சலுகைக்கு விற்ற தமிழ், சலுகை நின்றதும் நின்றது. அதே காலத்தில் ஒரு காசும் சலுகை பெறாமல் ‘விடுதலை’ என்றும் ‘மாமன்னன்’ என்றும் ‘வாழை’ என்றும் பெயர் வைத்தாரும் உளர். அவர்களை எவரும் மேடையேற்றி வாழ்த்தியதாய்த் தெரியவில்லை.

சுவைஞனின் சொற்களுக்குள்ள விலையைத் தமிழ்ப்புலவர்க்கு முன்னர்ப் பட முதலாளிகளே அறிந்துகொண்டனர். அவன் வாயிலிருந்த ‘தூள்’ 2003இல் படப்பெயராயிற்று. ‘தெறி’ 2016இலும் ‘மெர்சல்’ 2017இலும் ஆயின. பெயர் கொடுத்தவனுக்கு நுழைவுச்சீட்டு விலையிற்கூடக் குறைப்பில்லை.

இவையெல்லாம் கொச்சை, ஏட்டில் ஏறத்தகா என்று மறுப்பார் உளர். ஒலிப்பு கொச்சையாயிருக்கலாம், சொல் கொச்சையன்று. ‘பிரிச்சு மேஞ்சுட்டான்’ என்பதைப் ‘பிரித்து மேய்ந்துவிட்டான்’ என்று எழுதினால் அதில் நாணத்தக்கது என்ன உள்ளது? தொல்காப்பியம் செய்யுளை மட்டும் ஆய்ந்து எழுந்த நூலன்று; உலகவழக்கையும் ஆய்ந்தே எழுந்தது. திருச்சிராப்பள்ளியில் பிசப்பு ஈபர் உயர்நிலைப்பள்ளியில் ஆசிரியராய் இருந்த மொழிஞாயிறு பாவாணர், பொத்தகங்களில் இல்லாத எண்ணிறந்த சொற்கள் உழவர் வாயிலும் தொழிலாளர் வாயிலும் வாழ்வதை வாழ்நாளெல்லாம் எடுத்துரைத்தார். 1974இல் அவரை இயக்குநராய்க் கொண்டு தொடங்கிய செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்தின் உயிர்க்கருத்தும் அதுவே. உழவன் சொல்லைத் திரட்டியவர் மரபில் வந்தோர், உழவன் மகன் கொட்டகை வாயிலில் நின்று ஆக்கிய சொல்லைத் திரட்டக் கூசுவது பொருந்தாது.

திரட்டுவதற்குப் பல்கலைக்கழகமோ அரசாணையோ வேண்டா. ஊருக்கு ஒரு தமிழாசிரியர், ஒரு குறிப்பேடு, தேநீர்க்கடை வாயிலில் அரைமணி நேரம்: இவை போதும். சொல், பொருள், சொன்னவரின் அகவை, அவர் குடும்பத் தொழில் ஆகியவற்றை எழுதிவைத்தல் வேண்டும். இளைஞனிடம் அவன் சொல்லைத் திருத்த முனைதல் கூடாது. முதலிற் கேட்டல் வேண்டும். ‘செம’ என்பது செம்மையினின்று வந்ததா, ‘மெர்சல்’ மிரட்சியின் திரிபா என்பன பின்னர் ஆய்வார் பணி.

எடமலைப்பட்டிப் புதூரில் அக்குறிப்பேட்டைத் திறப்பவர் ‘பிரித்து மேய்த’லிலிருந்து தொடங்கலாம். அது கூரை மேய்தலா, மாடு மேய்தலா என்று ஐயுறுவாரும் உளர். கீற்றுக்கூரைகள் போய்க் கற்காரைத் தளங்கள் வந்துவிட்டன. சொல்லும் இளைஞனுக்கு இரண்டுமே தெரியா. ஏணியில் ஏறிக் கூரை பிரித்த கைகளையுடைய முதியோர் சிலர் அவன் வீட்டுத் திண்ணையிலேயே இன்னும் அமர்ந்திருக்கின்றனர், அவர்களைக் கேட்கலாம்.