வருகைக் கணக்கும் வாசகர் கணக்கும்

தமிழ் இணையத்தளங்களை நடத்துவோர் மத்தியிலே இன்று புதியதொரு மூடநம்பிக்கை பரவி வருகின்றது. மாத முடிவில் வழங்கிக் கணினி தரும் புள்ளிவிவர அறிக்கையை விரித்து, அதிலுள்ள மிகப்பெரிய எண்ணைத் தேர்ந்து, ‘இத்தனை இலட்சம் பேர் எம்மை நாடி வந்தனர்’ எனப் பறைசாற்றுவதே அந்நம்பிக்கையின் சடங்காகும். இது வெறும் தற்பெருமையோடு நின்றுவிடுமாயின் நாம் அதனைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. ஆனால், எண் குறைந்த பக்கம் பயனற்ற பக்கம் என்றும், பயனற்றதற்குப் பணமும் உழைப்பும் செலவிடலாகாது என்றும் வாதம் நீளும்போது நாம் வாளாவிருத்தல் தகாது. அவ்வளவுகோலுக்கு முதற்பலி ஆகப்போவன நெடுந்தீவு, நயினாதீவு, ஊர்காவற்றுறை முதலிய ஊர்களின் கோயில் மலர்களும், பாடசாலை ஆண்டிதழ்களும், கல்வெட்டு நூல்களுமே.

எண்ணப்படுவது யாது என்பதை முதலில் தெளிதல் வேண்டும். வலைப்பக்கங்களை வழங்கும் கணினி, தன்னிடம் வரும் ஒவ்வொரு வேண்டுகோளையும் ஒரு பதிவேட்டில் ஒரு வரியாக எழுதி வைக்கின்றது. வேண்டியவரின் இணைய முகவரி, நேரம், கேட்ட கோப்பு, அது கிடைத்ததா இல்லையா என்பதைக் காட்டும் குறியெண், அனுப்பிய தரவின் அளவு ஆகியன அவ்வரியில் அடங்கும். கேம்பிறிட்ஜிலே ஸ்ரீபன் ரேணர் 1995 இல் எழுதிய ‘அனலொக்’, 1997 இல் தோன்றிய ‘வெபலைசர்’, அவற்றின் பின் வந்த ‘ஏடபிள்யூஸ்ராட்ஸ்’ ஆகிய மென்பொருள்கள் யாவும் இவ்வரிகளையே தொகுத்து அட்டவணையாக்குவன. ஒரு பக்கத்தில் ஒன்பது படங்கள் இருப்பின், ஒருவர் அதனை ஒருமுறை திறந்ததும் பத்து வரிகள் விழும். குறிகாட்டுவான் இறங்குதுறையிலே ஒன்பது பொதிகளுடன் படகேறும் ஒருவரைப் பார்த்து ‘பத்துப் பேர் பயணஞ் செய்தனர்’ என எழுதும் கணக்கரை எவரும் வேலையில் வைத்திரார். இணையத்திலோ அத்தகைய கணக்கையே விழா மேடைகளில் வாசிக்கின்றோம்.

‘வேண்டுகோள்களை விடுவோம், வருகைகள் என்னும் நிரலைப் பார்ப்போம்’ எனச் சிலர் கூறுவர். அதுவும் ஊகமே. ஒரே முகவரியிலிருந்து வரும் வேண்டுகோள்களுக்கிடையே எத்தனை நேரம் இடைவெளி இருந்தால் அடுத்ததைப் புதிய வருகையாகக் கொள்வது? வெபலைசர் இயல்பாக 30 நிமிடம் என்கின்றது. ஏடபிள்யூஸ்ராட்ஸ் ஒரு மணித்தியாலம் என்கின்றது. நீண்டதொரு கட்டுரையை 45 நிமிடம் ஆழ்ந்து வாசித்துவிட்டு அடுத்ததைத் திறக்கும் ஒருவர், முதலாவதின் கணக்கில் இரண்டு வருகை. இரண்டாவதின் கணக்கில் ஒரு வருகை. பதிவேடு ஒன்று, உண்மை ஒன்று, எண்கள் மட்டும் இரண்டு! அனலொக்கை ஆக்கிய ரேணரே, எத்தனை மனிதர் வந்தனர் என்பதைப் பதிவேட்டினின்று உறுதியாக அறிய இயலாது எனத் தம் மென்பொருளின் விளக்கவுரையில் எச்சரித்துள்ளார். கருவியைச் செய்தவர் காட்டிய அடக்கம், அதனைப் பயன்படுத்துவோரிடம் இல்லாமற் போனதே விந்தை.

மனிதரல்லாத வருகையாளரும் உளர். தேடுபொறிகளின் இயந்திரங்களும், செயற்கை நுண்ணறிவுக்குத் தரவு திரட்டும் இயந்திரங்களும் இரவும் பகலும் பக்கங்களை அள்ளுகின்றன. தன் வழங்கிகளுக்கு மிகுந்த செலவை விளைவிக்கும் வேண்டுகோள்களில் 65 சதவீதமேனும் இயந்திரங்களிடமிருந்தே வருகின்றன என விக்கிமீடியா நிறுவனம் 2025 ஏப்ரிலில் அறிவித்தது. அவற்றுட் சில தம்மை இயந்திரமென வெளிப்படுத்தாது, மனிதர் பயன்படுத்தும் உலாவியின் பெயரையே பூண்டு வருவன. இவற்றையும் ‘வாசகப் பெருமக்கள்’ பட்டியலிற் சேர்த்துப் பெருமிதம் கொள்வது எத்துணைப் பேதைமை!

இனி, மிகைப்பட எண்ணும் இம்முறை தீவகத்து வாசகனைக் குறைபட எண்ணுவதையும் நோக்குவோம். முகவரியைக் கொண்டு ஊரைக் கணிக்கும் வழக்கம், அம்முகவரி எந்தத் தொலைத்தொடர்பு நிறுவனத்துக்கு எங்கே பதியப்பட்டுள்ளது என்பதையே பெரிதும் சார்ந்தது. ஆதலின் அனலைதீவிலிருந்து வாசிப்பவர் கொழும்பு வாசகராகத் தோன்றக்கூடும். கைத்தொலைபேசி வலையமைப்பிலே பலர் ஒரே பொதுமுகவரியின் பின்னால் நிற்பதால், பலர் ஒருவராகிவிடுதலும் உண்டு. ஆசிரியர் ஒருவர் ஒரு நூலைத் தரவிறக்கி வகுப்பு முழுவதற்கும் பகிர்ந்தால் பதிவேட்டில் விழுவது ஒற்றை வரி. 1990களின் தொடக்கத்திலே போரினால் இடம்பெயர்ந்து, இன்று கனடாவிலும் பிரான்சிலும் வாழும் தீவகத்தார் தம் ஊர் மலரொன்றைத் திறந்தால், அது அயல்நாட்டுக் கணக்கிலே சேரும். ‘தீவகத்திலே வாசகர் இல்லை’ என்னும் முடிபுக்கு அறிக்கையில் ஆதாரம் இருப்பது போலத் தோன்றும். உண்மையில் அஃது அளக்கும் முறையின் ஊனமேயாகும்.

எண்ணிக்கை சரியாகவே இருப்பினும், அது பயனின் அளவாகுமா? ஊர்காவற்றுறைக் கரம்பொனிலே 1913 இல் பிறந்த தனிநாயகம் அடிகளார், வத்திக்கான் நூலகத்தில் இருந்த தமிழ்–போர்த்துக்கேய அகராதியொன்றைக் கண்டெடுத்து, 1966 இல் கோலாலம்பூரிலே மறுபதிப்பாக வெளிவரச் செய்தார். அந்தாம் த புரோயன்சா பாதிரியார் தொகுத்த அவ்வகராதி 1679 இல் அச்சானது. இடைப்பட்ட ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகளில் யாரேனும் வாயிலில் நின்று வருகைக் கணக்கெடுத்து, ‘இதனைக் கேட்பாரில்லை’ என அகற்றியிருந்தால், பதினேழாம் நூற்றாண்டுத் தமிழ்ச் சொல்வழக்குக்குரிய அரிய சான்றொன்று நமக்கு எட்டாமலே போயிருக்கும். 1981 இல் யாழ்ப்பாணப் பொதுநூலகத்தோடு ஏறத்தாழ 97,000 நூல்களைத் தீயிலே இழந்த சமுதாயம் நாம். 2005 இல் தொடங்கப்பட்ட ‘நூலகம்’ எண்ணிம நூலகம் போன்ற முயற்சிகள் அவ்விழப்பின் பின்னணியிலேயே பொருள் பெறுகின்றன. காத்தலே நோக்கமான இடத்தில், சந்தையின் அளவுகோலுக்கு இடமில்லை.

அங்ஙனமாயின் புள்ளிவிவர மென்பொருளே வேண்டா என்பதா நம் முடிபு? அன்று. அதனை முறையாக நிறுவி, முறையாக வாசித்தல் வேண்டும் என்பதே நம் கோரிக்கை. ஏடபிள்யூஸ்ராட்ஸ் கட்டணமின்றிக் கிடைக்கும் கட்டற்ற மென்பொருள். பதிவேடு எங்குள்ளது, எவ்வடிவில் எழுதப்படுகின்றது, தளத்தின் பெயர் யாது என்னும் மூன்றையும் அமைப்புக் கோப்பிலே பிழையின்றிக் குறித்தல் முதற்படி. வழங்கிகள் பல பழைய பதிவேடுகளைச் சில நாட்களிலோ வாரங்களிலோ நீக்கிவிடுவதால், நாள்தோறும் கணக்கெடுப்பு தானாக நிகழ ஒழுங்கு செய்தல் அடுத்த படி. தளத்தை நடத்துவோர் தம் முகவரிகளை விலக்கிவிடுதலும் அவசியம். தம் வீட்டு வாசலைத் தாமே நூறு முறை கடந்துவிட்டு நூறு விருந்தினர் வந்தனர் எனல் முறையாகாது.

அறிக்கையிலே நாம் முதலில் நோக்க வேண்டியது மொத்த எண்ணையன்று. 404 என்னும் குறியெண்ணின் கீழுள்ள பட்டியலையே. கேட்கப்பட்டும் கிடைக்காத பக்கங்களின் பட்டியல் அது. பூட்டுடைக்க வந்த இயந்திரங்களின் வேண்டுகோள்களைக் களைந்தபின் எஞ்சுவது, உடைந்த இணைப்புகளையும் வெறுங்கையோடு திரும்பிய வாசகரையும் நமக்குக் காட்டும். தளத்தினுள்ளே உள்ள தேடற்பெட்டியில் இட்ட சொற்களும் பெரும்பாலும் பதிவேட்டில் விழுவன. ஓர் ஊரின் பெயரைத் தேடிப் பதினொரு பேரே வந்திருப்பினும், அப்பெயரில் ஒரு நூலும் ஏற்றப்படவில்லையாயின், அடுத்துச் செய்ய வேண்டிய பணி யாது என்பதை அப்பதினொரு வரிகளே சொல்லிவிடும்.

இன்னுமொன்று. முகவரியும் நேரமும் வாசித்த பக்கமும் ஒருங்கே இருக்கும் பதிவேடு, யார் எதனை வாசிக்கின்றார் என்பதற்கான சான்றுமாகும். போர்க்கால வெளியீடுகளை வாசிப்போரின் தடயங்களைத் திரட்டி வைப்பதன் பொருளை நம் நாட்டிலே விளக்க வேண்டியதில்லை. ஆயினும் இலவசமென்று கூகிள் நிறுவனத்தின் கணக்கெடுப்புக் கருவியைப் பொருத்தி, வாசகர் விவரத்தைக் கடல்கடந்து அனுப்புவோர் நம்மிடையே பலர். அக்கருவி பயன்படுத்தப்பட்ட முறை ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு முரணானது என 2022 இல் ஒஸ்திரியாவினதும் பிரான்சினதும் தரவுப் பாதுகாப்பு அதிகார அமைப்புகள் தீர்மானித்தன. இலங்கையும் அதே ஆண்டில் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. சட்டம் வற்புறுத்தும்வரை காத்திருத்தல் தகுமா? கணக்கெடுப்பை நம் வழங்கியிலேயே வைத்து, முகவரியின் இறுதிப் பகுதியை வெட்டி, தொகுப்பு முடிந்ததும் மூலப் பதிவேட்டை அழித்துவிடுதலே வாசகருக்கு நாம் செய்யும் கடமை.

‘கலைப்பீட மாணவனுக்கு இதில் என்ன வேலை?’ என விஞ்ஞானபீட நண்பர் நகைக்கலாம். சாசனம் ஒன்றைக் கண்டால், அதனை வெட்டியவர் யார், எதற்காக வெட்டினர், எதனைச் சொல்லாது விட்டனர் எனக் கேட்குமாறு நம் விரிவுரையாளர் நமக்குக் கற்பித்துள்ளனர். வழங்கியின் பதிவேடும் ஒரு சாசனமே. அதனிடம் அவ்வினாக்களைக் கேட்பது நம் துறைக்குரிய வேலைதான். ஆதலின் தமிழ்த் தளங்களை நடத்தும் அன்பர்களிடம் நாம் கேட்பது இதுவே: எண்ணை வெளியிடும்போது, எண்ணிய முறையையும் உடன் வெளியிடுங்கள். அதனை வெளியிட விருப்பமில்லையாயின், அவ்வெண்ணைக் காட்டி எந்த ஊரின் ஏட்டையும் ஒதுக்காதீர்கள்.