காசு கொடுத்துத்தானே வாங்கினோம்

இந்த இதழின் பக்கங்களை முடித்து அச்சகத்துக்கு அனுப்புகிற வாரத்தில் பாரிசிலிருந்து ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் நம் இதழை நெடுநாளாக வாசிக்கிறவர். யாழ்ப்பாணத்துக்காரர். மரமேறுகிற குடும்பத்தில், ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்தவர். பெயர் போட வேண்டாமென்று கேட்டிருக்கிறார். வேறொரு தலையங்கம் எழுதி வைத்திருந்தேன். அதை எடுத்துவிட்டு இதை எழுதுகிறேன்.

கடிதம் ஒரு தையல் மிஷினைப் பற்றியது. காலால் மிதிக்கிற சிங்கர் மிஷின். 1990 நவம்பரில் அவருடைய அம்மா வாங்கியது. விற்றது இயக்கத்தின் கடை. விலை கேட்டால் நம்ப முடியாத அளவுக்குக் குறைவு. வீட்டுக்குக் கொண்டுவந்து இழுப்பறையைத் திறந்தபோது உள்ளே ஒரு அளவு நாடாவும், துணியில் கோடு போடுகிற சாக்குக்கட்டியும், ஒரு கை மட்டும் தைத்து முடித்த சின்னப் பெண் சட்டை ஒன்றும் இருந்தனவாம். அம்மா இன்னொரு கையையும் தைத்துத் தன் மகளுக்குப் போட்டுவிட்டார். நண்பரின் தங்கை அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போனாள்.

அந்த மிஷின் ஏன் மலிவாகக் கிடைத்தது என்பதை நம் மாணவத் தோழர்களில் பலர் அறிந்திருக்க மாட்டார்கள். தமிழ்நாட்டில் ஈழம் பற்றிப் பேசப்பட்ட மேடைகளில் இது பெரும்பாலும் பேசப்படாத பக்கம். 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாணத்து முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேற்றினார்கள். ஏறத்தாழ 75,000 பேர். அக்டோபர் 30ஆம் தேதி காலை யாழ்ப்பாண நகரத்தில் ஒலிபெருக்கி கட்டி, ஒஸ்மானியாக் கல்லூரிக்கு அருகே ஜின்னா மைதானத்தில் கூடச் சொன்னார்கள். கூடியவர்களுக்குக் கொடுத்த அவகாசம் இரண்டு மணி நேரம். வழிச்செலவுக்குச் சொற்பக் காசு, மாற்றுத்துணி, அவ்வளவுதான். வழியில் நிறுத்திச் சோதித்துப் பெண்களின் காதில் கழுத்தில் கிடந்ததையும் கழற்றி வாங்கினார்கள். மன்னார்த் தீவிலிருந்தவர்கள் படகேறிக் கற்பிட்டியில் இறங்கினார்கள். மற்றவர்கள் நடந்தும் லாரிகளிலும் தெற்கே போய்ப் புத்தளத்தில் ஓலைக் கொட்டகைகளில் ஒதுங்கினார்கள். பரம்பரை பரம்பரையாகத் தமிழ் பேசி, தமிழில் கணக்கெழுதி, தமிழருக்குச் சட்டை தைத்துக் கொடுத்த சனம் அது.

மனிதர்கள் போய்விட்டார்கள். பொருள்கள் நின்றன. கட்டில், அலுமாரி, சைக்கிள், அண்டா குண்டா, தறி, தராசு, மிஷின். கொஞ்சம் கொள்ளை போனது. கொஞ்சம் கடைக்கு வந்து விலைச்சீட்டோடு நின்றது. பின்னாளில் கதவும் ஜன்னலும் கூரை ஓடும்கூட வீடுகளை விட்டுக் கிளம்பிப் போயின.

நண்பரின் அம்மாவுக்கு இப்போது எண்பதை நெருங்குகிற வயது. மகன் கேட்டபோதெல்லாம் ஒரே பதில்தான்: “நான் களவெடுக்கேல்லை. காசு குடுத்தெல்லோ வாங்கினனான்.”

இந்த வாக்கியத்தில்தான் நான் மாட்டிக்கொண்டேன் தோழர்களே.

இதே வாக்கியத்தை ஹாம்பர்க் நகரத்தில் ஒரு லட்சம் பேர் சொல்லியிருக்க முடியும். நாஜிகள் யூதர்களை ரயிலேற்றி அனுப்பியபோது அவர்களுடைய வீட்டுச் சாமான்கள் ஏலத்துக்கு வந்தன. ஹாலந்திலும் பிரான்சிலும் யூத வீடுகளைக் காலி செய்து கப்பலிலும் ரயிலிலும் கொண்டுவந்த சாமான்களும் அந்தத் துறைமுகத்தில் ஏலம் போயின. ஹாம்பர்க்கிலும் சுற்றுப்புறத்திலும் மட்டும் குறைந்தது ஒரு லட்சம் பேர் வாங்கியிருக்கிறார்கள் என்று பிராங்க் பயோர் என்ற வரலாற்றாசிரியர் கணக்கிட்டிருக்கிறார். வாங்கியவர்கள் எல்லோரும் நாஜிக் கட்சிக்காரர்கள் அல்லர். குண்டுவீச்சில் வீடிழந்தவர்கள், சாதாரண வேலைக்காரர்கள், குடும்பப் பெண்கள். பேரப்பிள்ளைகள் காலத்தில்தான் சில வீடுகளில் அந்தக் கேள்வி எழுந்தது: நம் வீட்டு வெள்ளிக் கரண்டியில் ஏன் வேறொருவர் பெயரின் முதலெழுத்து இருக்கிறது? பாட்டியால் பதில் சொல்ல முடியவில்லை. ரசீது இருந்தது, பதில் இல்லை.

அந்த ஏலத்தில் என்னை உறுத்துவது ஏலம் எடுத்தவன் மட்டுமல்ல, குமாஸ்தா. நாடு கடத்தப்படுவதற்கு முன் ஒவ்வொரு யூதக் குடும்பமும் பதினாறு பக்கப் படிவம் ஒன்றை நிரப்பித் தர வேண்டியிருந்தது. நாற்காலி எத்தனை, போர்வை எத்தனை, சட்டை எத்தனை. 1941 நவம்பர் 25ஆம் தேதி வந்த ஆணைப்படி, எல்லை தாண்டிக் கொண்டுபோகப்பட்ட யூதரின் சொத்து தானாகவே அரசுக்குச் சேர்ந்தது. வரி அலுவலகத்தில் யாரோ ஒருவன் உட்கார்ந்து அந்தப் படிவங்களைச் சரிபார்த்து, கூட்டல் போட்டு, கையெழுத்திட்டுச் சாயங்காலம் வீட்டுக்குப் போயிருக்கிறான். நானும் குமாஸ்தா. என் மேசைக்கு நகைக்கடன் படிவம் வருகிறது. ‘இது என் சொந்த நகை’ என்று ஒரு வரி அச்சாகியிருக்கும், கீழே கைநாட்டு. பயிர்க்கடனுக்கு சிட்டா, அடங்கல் வருகிறது. இன்றைக்கு யாருடையது என்று எழுதக் கட்டம் இருக்கிறது. இதற்கு முன் யாருடையது, எப்படிக் கைமாறியது என்று கேட்கிற கட்டம் எந்தப் படிவத்திலும் இல்லை. படிவத்தில் இல்லாதது நம் மூளையிலும் இல்லாமல் போய்விடுகிறது.

யாழ்ப்பாணத்துக்கு வருகிறேன். வரலாறு சில சமயம் தேதியைக்கூட மாற்றாமல் திரும்பி வருகிறது. 1995இல் இராணுவம் யாழ்ப்பாணத்தை நெருங்கியபோது, முஸ்லிம்களை விரட்டிச் சரியாக ஐந்து வருடம் முடிந்த அதே அக்டோபர் 30ஆம் தேதி, வலிகாமத்துத் தமிழர்கள் நகரத்தைக் காலி செய்து கிளம்ப வேண்டி வந்தது. லட்சக்கணக்கான சனம், மழை, நாவற்குழிப் பாலத்தில் நகரவே முடியாத நெரிசல். நண்பரின் அம்மா மிஷினின் தலையை மட்டும் கழற்றிச் சாக்கில் சுற்றி சைக்கிளில் கட்டிக்கொண்டு நடந்தார். காலும் மேசையும் வீட்டில் கிடந்தன. பாலத்தில் நின்றபோது நினைத்ததை இப்போதுதான் மகனிடம் சொல்லியிருக்கிறார்: “என்ர வீட்டுச் சாமானை இப்ப ஆர் எடுக்கப் போறாங்களோ எண்டு நினைச்சன். நினைச்ச உடன அந்தச் சட்டை ஞாபகம் வந்தது.” ஒரு கை மட்டும் தைத்திருந்த சட்டை.

கடிதத்தில் இன்னொன்றும் இருக்கிறது. அவர்கள் ஊரில் வெள்ளாளத் தையல்காரர் இவர்களைத் தொட்டு அளவெடுக்க மாட்டார். பழைய சட்டையைக் கொண்டுவந்து திண்ணைக்குக் கீழே வைத்துவிட்டுப் போக வேண்டும். நகரத்தில் சோனகர் ஒருவர்தான் நண்பரின் அப்பாவைத் தோள் தொட்டு, கை தூக்கச் சொல்லி அளவெடுத்தவர். அந்த மிஷின் அவருடையதாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். நம்மைத் தொட்ட கையின் மிஷின் நம் வீட்டுக்குள் கிடக்கிறதோ என்ற சந்தேகத்தோடு முப்பது வருடத்துக்கு மேல் அந்தக் குடும்பம் வாழ்ந்திருக்கிறது.

இதை வாசித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணம் யாழ்ப்பாணமல்ல. எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டி.

1997 நவம்பர் 29ஆம் தேதி கோயம்புத்தூரில் செல்வராஜ் என்ற போக்குவரத்துக் காவலரை முஸ்லிம் இளைஞர்கள் சிலர் குத்திக் கொன்றார்கள். அது கொலைதான், அதற்கு நியாயம் கற்பிக்க எதுவுமில்லை. ஆனால் அடுத்த இரண்டு நாட்களில் நடந்தது வேறு. போலீஸ்காரர்களே தெருவில் இறங்கினார்கள். பதினெட்டு முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள். கடைகள் எரிந்தன. எரிப்பதற்கு முன் வாரிக்கொண்டு போனார்கள். திட்டம் போட்டவர்கள் இந்துத்துவக்காரர்கள். வாரியவர்களில் ஏழைகளும் இருந்தார்கள், நம் சனமும் இருந்தது. இதைச் சொல்ல நமக்குத்தான் வாய் வருவதில்லை. என் தாய்மாமா அப்போது அங்கே கட்டட வேலையில் இருந்தார். 1998 பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோது பெரிய பை ஒன்று கொண்டுவந்தார். அம்மாவுக்கு அட்டைப்பெட்டியோடு பட்டுப்புடவை. எனக்கு விலைச்சீட்டு பிய்க்காத ஒரு முழுக்கைச் சட்டை. எனக்கு ஒன்பது வயது. அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு வீராணம் கரைமேல் நடந்து லால்பேட்டைக்குப் போய், கூடப் படித்த பாய் வீட்டுப் பையனிடம் காட்டினேன். அவன் அம்மா “நல்லாருக்குத்தா” என்று சொல்லிச் சர்பத் கொடுத்தார்கள்.

போன வாரம் அம்மாவிடம் கேட்டேன். முதலில் “ஏன்டா இப்ப அத கேக்கற?” என்றது. பிறகு கொஞ்ச நேரம் கழித்து, “எங்கேர்ந்து வந்துச்சுன்னு எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனா அதுவரைக்கும் நமக்கு யாருடா பட்டுப்பொடவ குடுத்தா?” என்றது.

இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. தோழர்களிடம் இருந்தால் எழுதுங்கள். இல்லாதவனின் கை நீளும்போது அதைத் திருட்டு என்று சொல்லத் தயங்குகிறவன் நான். ஆனால் இங்கே கை நீண்டது பண்ணையாரின் பத்தாயத்தை நோக்கி அல்ல. விரட்டப்பட்டவனின் வீட்டை நோக்கி. நம்மை அடியாளாக்கி அவனை அடிக்கிறவன், கூலியாக அவன் வீட்டுச் சாமானையே தூக்கித் தருகிறான். நம் கையில் ஒரு புடவை, அவன் கையில் நாடு. அந்தப் புடவை வீட்டில் இருக்கிறவரை நாம் அவனுக்கு எதிராக வாய் திறக்க முடியாது. கொள்ளையில் பங்கு கொடுப்பது வாயைக் கட்டுவதற்குத்தான்.

‘இப்போது இதைப் பேச வேண்டுமா தோழர்? முள்ளிவாய்க்காலுக்குப் பிறகுமா?’ என்று கேட்பவர்கள் உண்டு. 2009இல் அழிக்கப்பட்டவர்களுக்காக நியாயம் கேட்கிற உரிமை நமக்கு முழுசாக வேண்டுமானால் 1990ஐயும் சேர்த்துத்தான் பேச வேண்டும். ‘அவர்களும் செய்தார்கள், வீரமுனையில் முஸ்லிம் ஊர்காவல் படை தமிழர்களைக் கொல்லவில்லையா?’ என்பவர்களும் உண்டு. கொன்றார்கள். அதற்கான கணக்கைக் கொன்றவர்களிடம் கேட்க வேண்டும். யாழ்ப்பாணத்துத் தையல்காரரிடம் அல்ல. ‘பறிகொடுத்தவர்களிடம் போய்க் குற்ற உணர்ச்சி பேசுகிறாயே’ என்பவர்களுக்கு என் பதில் இதுதான். 1892இல் நமக்கென்று ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலத்தை, பன்னிரண்டு லட்சம் ஏக்கர் என்று இயக்கம் சொல்லிவருகிற நிலத்தை, இன்று வைத்திருப்பவன் என்ன சொல்கிறான்? ‘என் தாத்தா காசு கொடுத்துத்தானே வாங்கினார்.’ விற்கக்கூடாது என்று நிபந்தனை போட்ட நிலத்தைப் பஞ்சத்திலும் மிரட்டலிலும் எழுதி வாங்கிவிட்டு இந்தப் பதில். 1994 அக்டோபர் 10ஆம் தேதி காரணை நிலத்துக்காக நின்றபோது ஜான் தாமசும் ஏழுமலையும் போலீஸ் குண்டுக்கு உயிர் கொடுத்தது இந்தப் பதிலை ஏற்க மறுத்துத்தான். அவனிடம் செல்லாத பதில் நம் வீட்டில் மட்டும் எப்படிச் செல்லும்?

2002 ஏப்ரலில் கிளிநொச்சியில் நடந்த பத்திரிகையாளர் சந்திப்பில், வெளியேற்றம் ஓர் அரசியல் தவறு என்று அன்ரன் பாலசிங்கம் ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தார். 2016இல் இலங்கைப் பாராளுமன்றம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. போரால் நிலத்தை விட்டுப் போனவர்கள், பத்து வருடம் கடந்துவிட்டது என்ற காரணத்தால் உரிமை இழக்காமல் வழக்குப் போட இரண்டு வருட அவகாசம் கொடுத்தது. நல்லதுதான். நாஜிகள் பறித்த ஓவியங்களுக்கு 1998இல் வாஷிங்டனில் நாற்பத்து நான்கு நாடுகள் கூடிக் கொள்கை வகுத்தன. அதுவும் நல்லதுதான். காணிக்குச் சட்டம் இருக்கிறது, ஓவியத்துக்கு மாநாடு இருக்கிறது. தையல் மிஷினுக்கும் சின்னச் சட்டைக்கும் எதுவும் இல்லை. அவற்றுக்கு வைத்திருப்பவனின் மனசாட்சி ஒன்றுதான் கோர்ட்டு.

கடிதத்தை லால்பேட்டையில் எனக்குச் சட்டை தைக்கிற பாயிடம் வாசித்துக் காட்டினேன். தைத்துக்கொண்டே கேட்டார். முடித்ததும் மிதியை நிறுத்திவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, “அந்த மிஷின் இன்னும் ஓடுதா சார்?” ஓடுகிறது என்றேன். “அப்ப நம்பர் அழிஞ்சிருக்காது. சிங்கர்ல அடித்தட்டுல நம்பர் வெட்டியிருப்பான். வெச்சிருந்தவருக்கு அந்த நம்பர் மனப்பாடமா தெரியும். புத்தளத்துல போய் நம்பரச் சொல்லிக் கேக்கச் சொல்லுங்க.”

அன்றைக்கே எழுதினேன். அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு எண்ணைப் பார்த்துச் சொல்ல, நண்பர் குறித்துக்கொண்டாராம். அடுத்த விடுமுறையில் புத்தளம் போகிறார். ஆள் கிடைப்பாரா, உயிரோடு இருப்பாரா, கிடைத்தாலும் ‘இப்ப எதுக்கு’ என்று முகத்தைத் திருப்பிக்கொள்வாரா, எதுவும் நிச்சயமில்லை. திருப்பிக்கொள்ள அவருக்கு உரிமை உண்டு. மன்னிப்பு நம் கையில் இல்லை. திருப்பிக் கொடுப்பது மட்டும்தான் நம் கையில்.

எங்கள் வீட்டு அட்டைப்பெட்டியின் மேல் கடையின் பெயரும் தெருவும் அப்படியே இருக்கின்றன. வரும் மாதம் இரண்டு நாள் லீவு போட்டுக் கோயம்புத்தூர் போகிறேன். அம்மா பெட்டியிலிருந்து புடவையை எடுத்து, வெயிலில் காயவைத்து, மடித்து வைத்திருக்கிறது. “நானும் வரேன்” என்றும் சொல்லவில்லை, “போவாத” என்றும் சொல்லவில்லை.

தோழர்களே, அடுத்தவன் களவை நிரூபிக்க நாம் பத்திரம் தேடி அலைவது நிற்காது, நிற்கவும் கூடாது. கூடவே உங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியையும் ஒருமுறை திறந்து பாருங்கள்.