கையில் கோல்டு கார்டு இருந்தால் முந்தைய விமானத்தில் ஏற முடியுமா? ஹைதராபாத் - சென்னை பயணிகள் தெரிந்துகொள்ள வேண்டியவை

ஹைட்டெக் சிட்டியில் மீட்டிங் மூன்று மணிக்கே முடிந்துவிட்டது. சென்னைக்கு டிக்கெட் போட்டிருப்பதோ இரவு 9 மணி விமானத்தில். ஆறு மணிக்கு இன்னொரு விமானம் இருக்கிறது, அதில் சீட் இருப்பதாகவும் ஆப் காட்டுகிறது. உங்களிடம் அந்த நிறுவனத்தின் கோல்டு கார்டு இருக்கிறது. கவுன்டரில் கேட்டால் ஆறு மணி விமானத்தில் ஏற்றிவிட மாட்டார்களா?

அமெரிக்காவுக்கு ஆன்சைட் போய்வந்த சக ஊழியர்கள், அங்கே இது சர்வசாதாரணம் என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். அங்கே சாதாரணம்தான். இந்தியாவின் உள்நாட்டுப் பயணத்தில் பெரும்பாலும் நடக்காது. ஸ்டேட்டஸ் உங்களை வரிசையில் முன்னால் நிறுத்தும், உண்மைதான். ஆனால் இங்கே அந்த வரிசையே கிட்டத்தட்ட இல்லை.

ஸ்டாண்ட்பை என்றால் என்ன?

ஒரு விமானத்துக்கு உறுதியான டிக்கெட் வைத்திருப்பவர், அதே நாளில் அதே ஊருக்குப் போகும் வேறொரு விமானத்தில் கடைசி நேரத்தில் இடம் மிஞ்சினால் தன்னை ஏற்றிக்கொள்ளச் சொல்லிக் காத்திருப்பதுதான் ஸ்டாண்ட்பை. இடம் கிடைக்காவிட்டாலும் நஷ்டமில்லை, பழைய டிக்கெட் அப்படியே இருக்கும்.

இதற்கு நெருக்கமான ஒன்று நம் ரயில்வேயில் உண்டு. 2015 நவம்பரில் தொடங்கிய 'விகல்ப்' திட்டத்தில், காத்திருப்போர் பட்டியலில் இருப்பவருக்கு சார்ட் தயாரான பிறகும் இடம் கிடைக்கவில்லை என்றால், அதே தடத்தில் போகும் வேறு ரயிலில் காலி இடம் இருக்கும்பட்சத்தில் கூடுதல் கட்டணமில்லாமல் மாற்றித் தருவார்கள்.

வித்தியாசம் வரிசையில் இருக்கிறது. ரயிலில் எமர்ஜென்சி கோட்டாவைத் தவிர்த்துவிட்டால், பொதுவாக முதலில் பதிவு செய்தவர் முன்னால் நிற்பார். விமான ஸ்டாண்ட்பையில் முதல் அளவுகோல் பெரும்பாலும் ஸ்டேட்டஸ்தான். அதிகம் பறப்பவர் எப்போது வந்து கேட்டாலும், அரிதாகப் பறப்பவருக்கு முன்னால் போய்விடுவார்.

அமெரிக்க நிறுவனங்கள் ஏன் சும்மா மாற்றித் தருகின்றன?

தாராள மனசால் அல்ல. புறப்பட்ட விமானத்தின் காலி இருக்கைக்கு மதிப்பு பூஜ்யம். உங்களை ஆறு மணி விமானத்தில் ஏற்றிவிட்டால் ஒன்பது மணி விமானத்தில் ஒரு சீட் காலியாகும். அதை வேறொருவருக்கு விற்கலாம், அல்லது விமானம் தாமதமானால் தவிக்கும் பயணிகளுக்குக் கொடுக்கலாம்.

கொரோனா காலத்தில் பயணிகளைத் திரும்ப இழுக்க இந்தச் சலுகையை இன்னும் விரித்தார்கள். அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 2020 அக்டோபரிலும், யுனைடெட் 2021 ஜனவரியிலும் ஒரே நாள் ஸ்டாண்ட்பையை ஸ்டேட்டஸ் இல்லாதவர்களுக்கும் இலவசமாக்கின. அதாவது அங்கே வரிசையில் நிற்கும் உரிமை பெரும்பாலானவர்களுக்கு உண்டு. வரிசையில் எந்த இடம் என்பதைத்தான் ஸ்டேட்டஸ் முடிவு செய்கிறது.

இந்தியாவில் ஏன் அப்படி இல்லை?

முதல் காரணம், சந்தை. 2024ல் இந்தியாவுக்குள் விமானத்தில் பறந்தவர்கள் சுமார் 16.13 கோடி பேர். இதில் இண்டிகோவின் பங்கு மட்டும் 60 சதவீதத்துக்கும் மேல். அதனுடன் ஏர் இந்தியா குழுமத்தைச் சேர்த்தால் கிட்டத்தட்ட 90 சதவீதம் வந்துவிடும். சந்தையின் பெரும்பகுதி சிக்கனக் கட்டண மாடலில் ஓடுகிறது. அந்த மாடலில் சீட், சாப்பாடு, லக்கேஜ் போல நேரத்தை மாற்றிக்கொள்ளும் வசதியும் தனியாக விற்கப்படும் ஒரு பொருள். விற்கிற பொருளை யாரும் சும்மா தர மாட்டார்கள்.

இரண்டாவது காரணம், காலி இருக்கைகளின் கணக்கு. 186 இருக்கைகள் கொண்ட ஏர்பஸ் ஏ320 நியோ சராசரியாக 85 சதவீதம் நிரம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். 158 பேர் பறக்கிறார்கள், 28 சீட் காலி. அடேயப்பா, இவ்வளவு இடம் இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் அது சராசரி. செவ்வாய் மதியம் 60 சீட் காலியாக இருக்கலாம், வெள்ளி மாலை ஒன்றுகூட மிஞ்சாமல் போகலாம். நமக்கு முன்னதாகப் போக வேண்டியிருப்பது பெரும்பாலும் வெள்ளி மாலையில்தான். எல்லோருக்கும் தேவைப்படும் நேரத்தில் ஸ்டாண்ட்பை யாருக்கும் உதவாது.

மூன்றாவது காரணம், கடைசி நேர சீட்தான் அதிக விலைக்குப் போகும் சீட். அவசரமாகக் கிளம்புபவர் விலை பார்க்க மாட்டார் என்பது நிறுவனங்களுக்குத் தெரியும். அதை இலவசமாக மாற்றித் தர ஆரம்பித்தால், எல்லோரும் மலிவான இரவு டிக்கெட்டை வாங்கிக்கொண்டு சாயங்காலமே கவுன்டரில் வந்து நிற்பார்கள்.

ஆனால் கார்டின் பலன்களில் 'ஸ்டாண்ட்பை முன்னுரிமை' என்று இருக்கிறதே?

இருக்கிறது. ஏர் இந்தியா 2014 ஜூலை முதல் ஸ்டார் அலையன்ஸ் கூட்டணியில் உறுப்பினர். அந்தக் கூட்டணியின் சில்வர் நிலையிலேயே, காத்திருப்போர் பட்டியலில் முன்னுரிமை, விமான நிலைய ஸ்டாண்ட்பையில் முன்னுரிமை என்ற இரண்டு பலன்கள் உண்டு. கோல்டு நிலையில் லவுஞ்ச், கூடுதல் லக்கேஜ் போன்றவையும் சேரும்.

இங்கே 'முன்னுரிமை' என்ற சொல்லைக் கவனியுங்கள். ஸ்டாண்ட்பை பட்டியல் இருந்தால் அதில் உங்களை முன்னால் வைப்போம் என்பதே இதன் பொருள். பட்டியல் போடுவோம் என்றோ, மலிவு டிக்கெட்டுக்கும் அதில் இடம் தருவோம் என்றோ அது சொல்லவில்லை. நீங்கள் வாங்கிய டிக்கெட்டின் கட்டண விதிதான் அதைத் தீர்மானிக்கும். சில திட்டங்களில் மேல்நிலை உறுப்பினர்களுக்கு மாற்றக் கட்டணத்தில் சலுகை கிடைக்கலாம். அப்போதும் அன்றைய விலைக்கும் உங்கள் டிக்கெட் விலைக்கும் உள்ள வித்தியாசத்தைக் கட்ட வேண்டிவரும். கையைக் கடிப்பது அந்த வித்தியாசம்தான்.

இன்னொரு விஷயம், ஸ்டேட்டஸின் ஆயுள். 2019 ஏப்ரல் 17 அன்று ஜெட் ஏர்வேஸ் நின்றபோது, அதில் பறந்து பறந்து சேர்த்த பிளாட்டினம் அந்தஸ்துக்கு விமானமே இல்லாமல் போனது. 2024 நவம்பர் 12ல் விஸ்தாரா ஏர் இந்தியாவுடன் இணைந்தபோது உறுப்பினர் கணக்குகள் மாற்றப்பட்டன, ஆனால் திட்டமும் அதன் விதிகளும் புதியவை. இண்டிகோ தன் 'ப்ளூசிப்' திட்டத்தைத் தொடங்கியதே 2024ல்தான். அது எந்த உலகக் கூட்டணியிலும் இல்லை.

2025 டிசம்பர் காட்டியது என்ன?

விமானிகளின் பணி நேர விதிகள் கடுமையாக்கப்பட்டதன் இரண்டாம் கட்டம் 2025 நவம்பர் 1 அன்று அமலுக்கு வந்தது. அதற்குத் தயாராகாத இண்டிகோ டிசம்பர் தொடக்கத்தில் தடுமாறியது. டிசம்பர் 5 அன்று ஒரே நாளில் 1,000க்கும் மேற்பட்ட விமானங்கள் ரத்தாயின. ஹைதராபாத் விமான நிலையமும் கடுமையாகப் பாதிக்கப்பட்டது.

மற்ற நிறுவனங்களில் மிச்சமிருந்த சீட்களின் விலை எகிற, அரசு உச்சவரம்பு விதித்தது: 500 கிலோமீட்டர் வரை ரூ.7,500, 500 முதல் 1,000 கிலோமீட்டர் வரை ரூ.12,000. ஹைதராபாத் - சென்னை வான்வழித் தூரம் சுமார் 520 கிலோமீட்டர் என்பதால் இரண்டாவது வரம்புக்குள் வந்தது.

அந்த நாட்களில் ஒரு நிறுவனத்தின் கார்டு இன்னொரு நிறுவனத்தின் கவுன்டரில் செல்லாக்காசு. ஒரே நிறுவனம் சந்தையில் பாதிக்கு மேல் வைத்திருக்கும் நாட்டில், அது விழுந்தால் முந்தைய விமானம், பிந்தைய விமானம் எல்லாமே சேர்ந்து விழும்.

ஸ்டேட்டஸ் இல்லாமலே உங்களுக்குள்ள உரிமைகள்

சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் (டிஜிசிஏ) விதிகள் எல்லாப் பயணிகளுக்கும் பொது:

- விமானம் ரத்தானால், உங்களுக்கு ஏற்ற மாற்று விமானம் அல்லது முழுப் பணம். உரிய முன்னறிவிப்பு இல்லாவிட்டால் இழப்பீடும் உண்டு. 1 முதல் 2 மணி நேரப் பயணத்துக்கு ரூ.7,500 அல்லது அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை, இதில் எது குறைவோ அது. நிறுவனத்தின் கட்டுப்பாட்டை மீறிய காரணங்களுக்கு இழப்பீடு கிடையாது.
- 6 மணி நேரத்துக்கு மேல் தாமதமாகும் என்றால், மாற்று விமானம் அல்லது முழுப் பணம்.
- அளவுக்கு மீறி டிக்கெட் விற்று உங்களை ஏற்றாமல் விட்டால், முதலில் தானாக விட்டுக்கொடுப்பவர்களைத் தேட வேண்டும். அப்படியும் நீங்கள் விடப்பட்டு, மாற்று விமானம் ஒரு மணி நேரத்துக்குள் இல்லையென்றால் ரூ.10,000 வரையும், 24 மணி நேரத்தைத் தாண்டினால் ரூ.20,000 வரையும் இழப்பீடு.
- நீங்களே டிக்கெட்டை ரத்து செய்தாலும், போகாமல் விட்டாலும், அரசு வரிகளும் விமான நிலையப் பயனர் கட்டணமும் திரும்பக் கிடைக்க வேண்டும். 'நான் ரீஃபண்டபிள்' டிக்கெட்டுக்கும் இது பொருந்தும்.

அப்படியானால் என்ன செய்யலாம்?

ஃப்ளெக்ஸ் கட்டணத்தைக் கணக்குப் போட்டு வாங்குங்கள். உதாரணத்துக்கு, ஃப்ளெக்ஸ் டிக்கெட்டுக்கு ரூ.800 கூடுதல், சாதாரண டிக்கெட்டை மாற்றினால் மாற்றக் கட்டணம் ரூ.3,000 என்று வைத்துக்கொள்வோம். 800ஐ 3,000ஆல் வகுத்தால் சுமார் 27 சதவீதம். நான்கு பயணங்களில் ஒன்றுக்கு மேல் நேரம் மாற்றுபவர் என்றால் ஃப்ளெக்ஸ் லாபம், இல்லையென்றால் வீண் செலவு. கட்டண வித்தியாசம் இரண்டிலும் வரலாம் என்பதால் அதை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

அலுவலகம் மூலம் பதிவு செய்தால் கார்ப்பரேட் கட்டணமா என்று கேளுங்கள். இதில் மாற்ற விதிகள் பெரும்பாலும் தளர்வாக இருக்கும். பலருக்குத் தங்கள் டிக்கெட்டிலேயே இந்த வசதி இருப்பது தெரிவதில்லை.

முதலில் ஆப்பில் இரண்டு விலைகளையும் பாருங்கள். பழைய டிக்கெட்டை மாற்ற ஆகும் மொத்தச் செலவு ஒன்று. புது டிக்கெட் வாங்கி, பழையதை ரத்து செய்து வரியைத் திரும்பப் பெறுவது இன்னொன்று. சில நேரம் இரண்டாவது மலிவாக இருக்கும். ஆனால் போக மட்டும் எடுத்த டிக்கெட்டுக்கே இது சரிப்படும்.

லக்கேஜைக் கொடுப்பதற்கு முன் கேளுங்கள். பெட்டி ஒருமுறை உள்ளே போய்விட்டால் விமானம் மாற்றுவது சிக்கல். கைப்பையோடு மட்டும் போனால் வாய்ப்பு அதிகம். உள்நாட்டு கவுன்டர்கள் பொதுவாகப் புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடும். ஹைட்டெக் சிட்டியிலிருந்து ஷம்ஷாபாத் 30 கிலோமீட்டருக்கு மேல், மெட்ரோவும் அங்கே இன்னும் போகவில்லை. வெள்ளி மாலை அவுட்டர் ரிங் ரோட்டைக் கணக்கில் வையுங்கள்.

முந்தைய விமானத்துக்காக ஸ்டேட்டஸைத் துரத்தாதீர்கள். வருடக் கடைசியில் புள்ளிக்காக மட்டும் ஒரு டிக்கெட் போடும் பழக்கம் இங்கேயும் பரவுகிறது. லவுஞ்சுக்கும் லக்கேஜுக்கும் அது லாபமா என்று பாருங்கள். சீக்கிரம் வீட்டுக்குப் போவதை அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

யாருக்கான வரிசை?

ஸ்டேட்டஸ் சேர்வது பெரும்பாலும் கம்பெனி செலவில் பறப்பவர்களுக்கு. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் சொந்தக் காசில் ஊருக்குப் போகும் இளம் ஊழியர், நல்ல ஸ்டாண்ட்பை முறை வந்தாலும் அதில் பின்னால்தான் நிற்பார். அப்படியும் அமெரிக்காவைப் போலப் பெரும்பாலானவர்களுக்குத் திறந்த வரிசை, வரிசையே இல்லாததைவிட மேல். செவ்வாய் மதியம் காலியாகப் பறக்கும் 60 சீட்டில் ஒன்றை, ஏற்கெனவே டிக்கெட் வாங்கியவருக்குக் கொடுப்பதால் நிறுவனத்துக்குப் பெரிய இழப்பு இல்லை.

ஓடுபாதைகளும் வான்வெளியும் பொதுச் சொத்து. அதில் தொழில் நடத்துபவர்கள், ஒரே நாளில் விமானம் மாற்ற யாருக்கு அனுமதி, என்ன செலவு என்பதை டிக்கெட் விற்கும் பக்கத்திலேயே ஒரே வரியில் எழுத வேண்டும் என்று டிஜிசிஏ கேட்கலாம். அந்த ஒரு வரி வந்தால், 9 மணி டிக்கெட்டை வாங்கும்போதே அது 6 மணிக்கும் செல்லுமா என்பது பயணிக்குத் தெரிந்துவிடும்.