டேஷ் கேம் வீடியோ கோர்ட்டில் செல்லுமா? விபத்தைப் பதிவு செய்தால் முதலில் என்ன செய்யணும்?

புதுச்சேரி கருவடிக்குப்பம், சிவாஜி சிலை சிக்னல். ஈ.சி.ஆரில் சென்னைக்குப் போற கார், டவுனுக்கு வர்ற பஸ், நடுவில் புகுந்து போற டூ வீலர்னு எப்பவும் நெரிசல். ஒரு உதாரணத்துக்கு, உங்க கண் முன்னாடி ஒரு கார் பைக்கை இடிச்சிட்டு நிற்காம போயிடுது. நம்பரை யாரும் கவனிக்கல. ஆனா உங்க காரில் இருக்கிற டேஷ் கேம் பதிவு பண்ணியிருக்கு. அடுத்து என்ன?

அந்த நம்பர் ஏன் அவ்வளவு முக்கியம்?

இடித்த வண்டி எதுன்னு கடைசிவரை தெரியலைன்னா, மோட்டார் வாகனச் சட்டம் 161-வது பிரிவின்படி கிடைக்கும் இழப்பீடு இதுதான்: உயிரிழப்புக்கு 2 லட்சம் ரூபாய், பலத்த காயத்துக்கு 50 ஆயிரம் ரூபாய். 2022 ஏப்ரல் 1 முதல் இந்தத் தொகை அமலில் இருக்கு.

வண்டி எதுன்னு தெரிந்தால் கணக்கே வேற. 166-வது பிரிவின் கீழ் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் வழக்கு போடலாம். மாதம் 20 ஆயிரம் சம்பாதித்த, மனைவியும் இரண்டு குழந்தைகளும் உள்ள 30 வயது சுயதொழில்காரர் இறந்துவிட்டார்னு வைத்துக்கொள்வோம். உச்ச நீதிமன்றத்தின் சர்ளா வர்மா (2009), பிரணய் சேதி (2017) தீர்ப்புகள் வகுத்த முறைப்படி, வருமான இழப்புக்கு மட்டும் சுமார் 38 லட்சம் ரூபாய் வரும். எதிர் வண்டியின் தவறுன்னு காட்ட முடிந்தால்தான் இது. 2 லட்சமா, 38 லட்சமா என்பதை உங்க மெமரி கார்டு முடிவு செய்யலாம்.

வீடியோவை கோர்ட் ஏற்குமா?

ஏற்கும். ஆனா நிபந்தனை இருக்கு. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய சாக்ஷிய அதிநியம் சட்டத்தின் 63-வது பிரிவு, மின்னணுப் பதிவோடு ஒரு சான்றிதழ் கேட்குது. அதன் முதல் பகுதியை வீடியோவைத் தாக்கல் செய்பவரும், இரண்டாம் பகுதியை நிபுணரும் தரணும். வீடியோ ஃபைலின் 'ஹாஷ்' மதிப்பும் அதில் இருக்கணும். ஹாஷ் என்பது ஃபைலோட கைரேகை மாதிரி. ஃபைலில் ஒரு துளி மாறினாலும் அதுவும் மாறிடும்.

பழைய சட்டத்தின் கீழ் 2020-ல் அர்ஜுன் பண்டிட்ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம், காப்பியைத் தாக்கல் செய்தால் சான்றிதழ் கட்டாயம்னு சொன்னது. ஒரிஜினல் கருவியையே கோர்ட்டில் காட்டி உரிமையாளர் சாட்சி சொன்னால் தேவையில்லைன்னும் அதே தீர்ப்பு சொல்லுது. அதனால ஒரிஜினல் கார்டுதான் உங்க பலம். வாட்ஸ்அப்பில் சாதாரண வீடியோவா அனுப்பினால் அது சுருக்கப்படும், ஹாஷும் மாறிடும்.

முதல் வேலை என்ன?

டேஷ் கேம் சில நிமிட ஃபைல்களாகப் பதிவு செய்யும். கார்டு நிறைந்ததும் பழையதை அழித்துப் புதியதை எழுதும். இடி விழுந்தால் அந்த ஃபைலைப் பூட்டி வைக்க சென்சார் இருக்கு. ஆனா மோதியது உங்க கார் இல்லை, பக்கத்து வண்டி. அப்போ சென்சார் சும்மா இருக்கலாம். அதனால:

* லாக் பட்டனை அழுத்துங்க. பாதுகாப்பா நிறுத்தியதும் கேமராவை ஆஃப் செய்து கார்டை எடுங்க.
* ஃபைலை எடிட் பண்ணாதீங்க, பெயர் மாற்றாதீங்க.
* போலீசிடம் ஒப்படைத்தால் எழுத்துப்பூர்வ ரசீது வாங்குங்க.
* கேமராவில் தேதி, நேரம் சரியா இருக்கான்னு இன்னைக்கே பாருங்க. தப்பான நேரம் எதிர் வக்கீலுக்கு நல்ல பிடி.

எந்த ஸ்டேஷனுக்குப் போகணும்?

இது கருவடிக்குப்பத்துக்காரர்களுக்கு நிஜமான கேள்வி. ஈ.சி.ஆரில் வடக்கே கொஞ்ச தூரம் போனாலே கோட்டக்குப்பம். அது விழுப்புரம் மாவட்டம், போலீஸும் தமிழ்நாடு. ஆனா பி.என்.எஸ்.எஸ். 173-வது பிரிவின்படி, கைது செய்யத்தக்க குற்றத்துக்கு எல்லை பார்க்காம எந்த ஸ்டேஷனிலும் புகார் தரலாம். "அது எங்க எல்லை இல்லை"ன்னு திருப்பி அனுப்பக் கூடாது.

சாட்சி சொன்னா அலைய விடுவாங்களா?

அடிபட்டவருக்கு உதவியவரை, பெயர் சொல்லும்படிகூடக் கட்டாயப்படுத்த முடியாது. 134ஏ பிரிவும், அதன் கீழ் 2020-ல் வந்த விதிகளும் அவரைக் காக்கின்றன. அவரே விரும்பி சாட்சியானால், அவருக்கு வசதியான இடத்தில், ஒரே தடவையில் வாக்குமூலம் வாங்கணும்.

நமக்கே எதிரா திரும்புமா?

திரும்பலாம். உங்க வேகமும், நீங்க சிக்னல் தாண்டியதும் அதே வீடியோவில்தான் இருக்கும். அதுக்குப் பயந்து அழித்தால், ஆதாரத்தை அழித்த குற்றம் தனியா சேரும். மறுபக்கம், பொய்ப் பழியிலிருந்தும் அதுவே காப்பாற்றும். 2023 ஜனவரியில் பெங்களூரு சர்ஜாபூர் சாலையில், பைக்கில் வந்தவர்கள் வேண்டுமென்றே ஒரு தம்பதியின் காரில் மோதித் துரத்தினார்கள். அது டேஷ் கேமில் பதிவாகியிருந்தது, இருவர் கைதானார்கள்.

வீடியோ கையில் கிடைச்சதும் சோஷியல் மீடியாவில் போடத்தான் பலருக்குத் தோணும். அடிபட்டவரின் முகம் அவர் குடும்பத்துக்குப் போய்ச் சேருவது உங்க போஸ்ட் வழியா இருக்க வேண்டாம். முதலில் 108, அடுத்து 112, பிறகு மெமரி கார்டு. போஸ்ட் போடுறதைக் கடைசியா யோசிக்கலாம்.